எலியேசரை எழுப்பும் வாசனை

அன்பு மகள் ஜுரேமாவுக்கு,

பிரேசில் நாட்டு மீனாஸ் மாநிலத்துச் செர்ரோ நகரின் முடிசூடா மன்னனும், ஒரு கூட்டம் கோழிகளுக்கும் ஒரு நொண்டி நாய்க்கும் சக்கரவர்த்தியுமான உன் மாமா பெல்மீரோ எழுதுவது. நான் நலம், கோழிகளும் நலம், போர்த்துகல் வெயிலில் நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஜூலைக் குளிரில் பசுக்கள் பாலுக்குப் பதில் ஐஸ்கிரீம் கறக்கின்றன. உன் தம்பி எலியேசரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா நகரமாட்டேன் என்கிறது, அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

வேலையை விட்டு வந்து படுத்தவன் படுத்தபடி இருக்கிறான் என்று போனில் சொன்னேன் அல்லவா, பெலோ ஒரிசோன்ட்டே நகரில் அவனைப் பார்க்கும் மனநல டாக்டரம்மா மாத்திரையோடு சேர்த்து கீட்டோ உணவையும் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடவே கூடாது, கொழுப்புதான் சாப்பாடு. சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிலருக்கு இது கேட்கிறதாம், ஆராய்ச்சி இன்னும் நடக்கிறதாம், எல்லாருக்கும் கேட்கும் என்று சத்தியம் செய்ய முடியாதாம். மாத்திரையை நிறுத்திவிட்டானா என்று கேட்டிருந்தாய், இல்லை, நிறுத்தினால் வீட்டுக்கே வந்து உதைப்பேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். சோறும் அவரை விதையும் இல்லாமல் ஒரு மீனாஸ்காரன் உயிர் வாழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை, ஆனாலும் நான் களத்தில் இறங்கினேன். நான் வாங்கிய பன்றிக் கொழுப்பைப் பார்த்து ஊர்ப் பன்றிகள் எல்லாம் மலையேறி ஓடிவிட்டன. முதலில் அவனுக்குத் தலைவலிதான் வந்தது. பிறகு ஒரு நாள் தானாகவே சவரம் செய்துகொண்டு கோயில் படிக்கட்டு வரை நடந்து போனான். நான் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போய், குதிரைக்காரன் தர்சீசியோவிடம் மாட்டிக்கொண்டேன். “என்ன பெல்மீரோ, இந்த வயசுல யார் பொண்ணு பின்னாடி போறீங்க?” என்று அந்தக் கடன்காரன் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

அதன்பிறகு மறுபடியும் சரிந்தான். விரலைக் குத்தி ரத்தம் பார்க்கும் கருவியில், உடம்பு கொழுப்பை எரித்தால் ஏற வேண்டிய கீட்டோன் ஏறவே இல்லை. உணவு ஆலோசகர் பெண் போனில் என்னைப் போலீஸ்காரி போல விசாரித்தாள். சோறு? இல்லை. ரொட்டி? வாசப்படி தாண்டவில்லை. காலையில் என்ன கொடுக்கிறீர்கள்? நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், சீஸ் உருண்டை, என் கையால், நம்ம ஊர் சீஸில், கோதுமை ஒரு துளி கிடையாது என்று. “ஐயா, அதுல மரவள்ளி மாவு போடுவீங்கல்ல?” என்றாள். “போடாம எப்படிம்மா உருட்டுறது?” என்றேன். “அது முழுக்க மாவுச்சத்துங்க ஐயா” என்றாள். ஜுரேமா, பிறந்ததிலிருந்து அதை நான் சீஸ் என்றுதான் நினைத்திருக்கிறேன், இந்த ஊரில் யார் அதை மாவு என்று சொல்லியிருக்கிறார்கள் சொல்லு. தினமும் தட்டு நிறைய மாவை ஊட்டிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று புலம்பியிருக்கிறேன்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் அவனிடம் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்தபடியே, “தெரியும் மாமா” என்றான். தெரிஞ்சா ஏன்டா தின்னே என்று கத்தினேன். “காலைல எழுந்திரிக்க வேற எதுவும் இல்ல மாமா. அந்த வாசனை வந்தா நீங்க அடுப்படியில நிக்கிறீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் எழுந்து வருவேன்” என்றான். உருண்டையைக் கொடுத்தால் உணவுமுறை கெடுகிறது, கொடுக்காவிட்டால் அவன் எழுந்திருப்பதே இல்லை. மலையைத் தலைகீழாகப் புரட்டி வை என்றால் சாயங்காலத்துக்குள் வைத்துவிடுவேன், இதற்கு என்ன செய்வது? டாக்டரம்மாவிடம் கேட்டேன், சரிவுக்கு உருண்டைதான் காரணமா நோய்தானா என்று அவருக்கும் தெரியவில்லையாம், வியாழக்கிழமை அழைத்து வரச் சொன்னார்.

நேற்று ஒரு தந்திரம் செய்தேன். மாவு போடாமல் வெறும் சீஸைத் தட்டில் துருவிப் போட்டு அடுப்பில் கருக விட்டேன், வாசனை அதேதான். கதவு திறந்தது. போர்வையோடு வந்து தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஏமாத்துறீங்க மாமா” என்றான். ஆனாலும் உட்கார்ந்து ஒரு துண்டு தின்றான். பிறகு போய்ப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது, இதில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ விமானம் ஏறி ஓடி வராதே, இணையத்தில் படித்ததையெல்லாம் அவனுக்கு அனுப்பாதே. எங்கள் காலை நேரத்தில் அவனைக் கூப்பிடு, எப்படி இருக்கே என்று மட்டும் கேட்காதே, கால்பந்து பேசு, என்னைத் திட்டு, இரண்டு பேருக்கும் அது பிடிக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் அம்மா, என் அக்கா, உங்களை என் கையில் விட்டுப் போனதிலிருந்து தூங்கப் போகுமுன் “மாமா, ஆசி” என்று இருவரும் கேட்பீர்கள், நீ இன்றைக்கும் போனை வைக்குமுன் கேட்கிறாய். அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்காவிட்டால் என்ன, மூடிய கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் நான் படுக்கப் போகிறேன். உனக்கும் சேர்த்தே சொல்கிறேன், கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும். கதவுக்குள்ளிருந்து பதில் வந்தால் அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன்.

கருகிய சீஸ் வாசனையோடு,
உன் மாமா பெல்மீரோ