எஃப் எட்டு யாருக்கு?

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் வாலு என் கூட்டாளி. வாலு என்றால் என் நாத்தனார், இவருடைய தங்கை. முன்னறையில் ஒரே கணினி, இரண்டு நாற்காலி. ஒரு பல் டாக்டருக்கு, நோயாளிகள் நேரம் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிறோம். எங்கள் முதல் ஆர்டர்! உள்வேலை அவளுடையது, திரையில் தெரிவது என்னுடையது. பக்கத்தில் உட்கார்ந்து மாறி மாறி அடிக்கிறோம்.

ஒரே தகராறு, நிரல் எழுதும் எடிட்டரில் உள்ள ஷார்ட்கட். எஃப் எட்டு விசையை அழுத்தினால் எனக்கு வரி அழிய வேண்டும். அவளுக்கோ அடுத்த பிழைக்குத் தாவ வேண்டும். அவள் பிழையைத் தேடிப் போகிறவள், நான் வரியையே தூக்கிக் கடாசுகிறவள்.

ஜூன் 11, புதன்

ஷார்ட்கட் கோப்பில் காலையில் அவள் தன் வரியைச் சேர்த்திருந்தாள். எடிட்டர் அந்தக் கோப்பைக் கீழிருந்து மேலே பார்க்கும்; முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். ஆக, கடைசியில் எழுதியவள் பேச்சுதான் எடுபடும். நான் அதற்குக் கீழே என் வரியைச் சேர்த்தேன். சண்டைக்கில்லை, சும்மா.

ஜூன் 12, வியாழன்

எனக்குக் கீழே அவள். அவளுக்குக் கீழே நான். மத்தியானம் மறுபடி அவள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, கோப்பு மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

சாயங்காலம் இவர் வெற்றிச் சிரிப்போடு ஒரு புதுக் கீபோர்டு வாங்கி வந்தார். "ஆளுக்கொண்ணு! தீர்ந்துச்சா பிரச்சினை?" எந்தக் கீபோர்டில் யார் விரல் என்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாவம், முகம் சுருங்கிவிட்டது. "எனக்கென்னம்மா தெரியும்?" என்று உள்ளே போய்விட்டார்.

ஜூன் 13, வெள்ளி

சிரித்ததற்கெல்லாம் சேர்த்து வந்தது.

ஒத்திகை பார்த்தோம். ஒரே பல் நாற்காலியில் பத்து மணிக்கு இரண்டு பேருக்கு இடம் கொடுத்தது மென்பொருள். ஒருவர் மடியில் இன்னொருவரா உட்காருவது? தேடிப் பார்த்தால், ஒரே நேரம் இருவருக்குப் போகாமல் தடுக்கும் வரிகளையே காணோம். வாலு பிழைக்குப் பிழை தாவுவதாக நினைத்து எஃப் எட்டைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். அப்போது ஷார்ட்கட் கோப்பின் அடியில் இருந்தது என் வரி.

"நீங்கதான் அண்ணி மாத்திக்கிட்டே இருக்கீங்க."

"நீ மட்டும் என்னவாம்?"

அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற வெள்ளி டாக்டரிடம் காட்டுவது சொதப்பினால், அதற்கடுத்த திங்களே அங்கே சேர்ந்துவிடுவாள். "அங்க எனக்குன்னு தனி கம்ப்யூட்டர் இருக்கும் அண்ணி."

சுருக்கென்றது. போறதுன்னா போ — ஐயோ, போகாதேடி.

ஜூன் 14, சனி

உப்பை நகர்த்தச் சொல்லவும் இவர்தான் தூது. பொழுது போகாமல், இந்தக் குறிப்பு எழுதுகிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் புதுப்பித்தேன்.

ஜூன் 16, திங்கள்

நானே இறங்கிப் போனேன். உருப்படியாக ஒன்று கண்டுபிடித்திருந்தேனே! ஒவ்வொரு ஷார்ட்கட்டுக்கும் 'எப்போது' என்று ஒரு நிபந்தனை போடலாம். அவள் எழுதும் வகைக் கோப்பில் நின்றால் எஃப் எட்டு பிழைக்குத் தாவட்டும். என் வகைக் கோப்பில் நின்றால் வரியை அழிக்கட்டும். அப்புறம் யார் மேலே, யார் கீழே என்ற பேச்சே இல்லை.

"இது முதல்லயே தோணலையே நமக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பழைய வரிகளை எல்லாம் துடைத்தோம். தொலைந்த வரிகளை மறுபடி எழுதினோம். உப்பும் நேராகவே கை மாறியது.

ஜூன் 18, புதன்

காலையில் கணினியை ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து எஃப் எட்டு செத்துவிட்டது. அவள் கோப்பிலும் இல்லை, என் கோப்பிலும் இல்லை. ஒருமுறை அழுத்தி, ஒன்றும் நடக்காமல் இன்னொருமுறை அழுத்தி... ஊஹூம்.

"நான் தொடல அண்ணி."

"நானும் தொடலடி."

நம்பினோமா? அவள் நாற்காலி கொஞ்சம் தள்ளிப் போனதைப் பார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒரே சந்தோஷம்!

டாக்டரம்மா வந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு நேரம் ஒருவருக்குத்தான். கடைசியில், "மதியம் ஒரு மணி நேரம் யாருக்கும் குடுக்கக் கூடாது, முடியுமா?" என்றார். "இப்பவே பண்றேன் மேடம்," என்று வாலு எடிட்டரைத் திறந்தாள். பழக்கத்தில் எஃப் எட்டு, ஒரே முறை. அடுத்து அவள் அடித்ததெல்லாம் திரையில் தமிழ் எழுத்தாக விழுந்தது! தலையும் இல்லை, காலும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் புதுப்பித்த தமிழ் மென்பொருள் எஃப் எட்டைத் தானாகவே மொழி மாற்றும் விசையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எடிட்டர் வரைக்கும் போகவிடாமல் வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறது. இரண்டிரண்டு முறை அழுத்தியதால் தமிழுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. நான் எப்போதும் திரை மூலையில் இருக்கும் சின்னத்தைச் சொடுக்கித்தான் மொழி மாற்றுவேன்.

"அண்ணி, உங்க டைரி!" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. போச்சு என்று நினைத்தேன். டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இதுல தமிழ் வருமா? அப்ப எங்க பேஷன்ட்டுங்களுக்குத் தமிழ்லயே மெசேஜ் அனுப்பலாமே. அதையும் சேர்த்துப் பண்ணிக் குடுங்க."

ஜூன் 23, திங்கள்

மொழி மாற்றத்தை எஃப் பன்னிரண்டுக்குத் தள்ளினோம். அது வாலுவுக்குப் பிடித்த விசை. "உங்க டைரிக்கு எடுத்துக்குங்க, பொழைச்சுப் போங்க," என்றாள்.

பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து போன். அவள் எழுந்து போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினாள்.

"மன்னிச்சுக்குங்க சார், வரல. இல்ல, சம்பளம் பிரச்சினை இல்ல. இங்க எனக்குப் பாதி கீபோர்டு இருக்கு."

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. விரல் எஃப் எட்டில் பட்டு நல்ல வரி ஒன்று அழிந்தது. போகட்டும்.