துண்டின் நிழல்

என் வீட்டுக்காரிக்கு,

படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும்தான். போன் அணைந்ததற்குக் காரணம் புயல் இல்லை, நீ கொடுத்தனுப்பிய துண்டு. பாய்க்கயிற்றில் காயப் போட்டவன் எடுக்க மறந்துவிட்டேன். அதன் நிழல் போனுக்குச் சார்ஜ் தரும் சின்ன சோலார் பலகையின் மேலேயே கிடந்ததில் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. அது தெரியாமல் ஒயரையெல்லாம் பிரித்துப் போட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை துண்டு காற்றில் பறந்து கடலில் விழுந்தது. உடனே சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது! போனில் கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் உன்னைத்தான் கூப்பிட்டேன்.

கூப்பிட்டபோது, "சாப்பிட்டீங்களா?" என்றாய். அப்புறம் இருவருக்குமே பேச்சு வரவில்லை. அதனால்தான் வழியிலுள்ள துறைமுகத்தில் கரையேறியதும் எழுதுகிறேன்.

"ஒரு துணி காயப் போடத் தெரியுதா உங்களுக்கு?" என்று வழக்கமாகக் கேட்பாயே, அதை நேரில் கேட்க வேண்டும் போலிருக்கிறது. துண்டைத் தொலைத்ததற்கும் சேர்த்தே திட்டு.

வந்துகொண்டே இருக்கும்,
உன் வீட்டுக்காரன்