வதனியக்காவின் பாத்தியில் நிமிர்ந்த மூன்று காவிளாய்

எல்லாவற்றிலும் எனக்கு முந்திய என் வதனியக்காவுக்கு,

இது எங்கள் பள்ளிக்கூடக் கையெழுத்துச் சஞ்சிகைக்காக எழுதும் கடிதம். ஆகவே உனக்குச் சொல்வதை மற்றவர்களும் வாசிப்பார்கள். உன் நல்ல குணங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி தாவரவியல் ரீச்சர் கேட்டார். உன் வகுப்பில் ஒன்பது பேர் அதை ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதையும் வாசித்தேன். அவற்றில் வரும் வதனி கோபமே வராதவள், சோம்பலே இல்லாதவள். அந்தப் பெண்ணோடு நான் ஒரு நாளும் ஒரே பாயில் படுத்ததில்லை.

ஆகவே குணங்களை விட்டுவிட்டு உனக்குச் செய்தி சொல்கிறேன். நீ விதைத்துவிட்டுப் போன, புத்தகத்தில் கொழிஞ்சி என்று வரும் காவிளாய்ச் செடிகளின் பாத்திகளைப் பற்றிய செய்தி.

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ போய் நான்கு மாதமாகியும் எனக்கு உன்மேல் இருந்த பொறாமை போகவில்லை. கூடித்தான் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது நீ சில நேரமாவது பிழைவிடுவாய். இரசாயனவியலில் நாற்பத்தெட்டுப் புள்ளி எடுத்துவிட்டு விடைத்தாளை அரிசிப் பானைக்குள் ஒளித்தாயே, அந்த நாள் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? இப்போது அம்மாவிடம் கேட்டால் இரசாயனவியலிலும் நீதான் முதலாம் பிள்ளை. உன் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகின்றன. நான் எப்படி எட்டிப் பிடிப்பது?

நீ நெட்டை, நான் கட்டை. அம்மாவின் அடர்ந்த முடி உனக்கு, அப்பாவின் அகன்ற பாதம் எனக்கு. ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தாலும், சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவதுபோல் ஒவ்வொரு பிள்ளைக்கும் பரம்பரையலகுகள் புதிதாக விழுகின்றன என்று புத்தகத்தில் வாசித்தேன். வாசித்த அன்று எனக்கு ஒன்றுதான் தோன்றியது. சீட்டுப் போட்டவர் உன் முகத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

வல்வெட்டித்துறையை விட்டு இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட நாளில் எல்லோரும் உடுப்பும் பாத்திரமும் கட்ட, நீ பால்மாப் பேணி ஒன்றில் காய்ந்த காவிளாய் நெற்றுகளை நிரப்பினாய். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணலில் பாய் விரித்ததுபோல் கிடந்த செடியின் நெற்றுகள். "உந்த நெத்தைத் தின்னவோ போறாய்?" என்று அன்று அம்மா ஏசினார். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்கிறார்.

புத்தூருக்கு வந்த முதல் வாரமே வீட்டுக்கு வரும் ஒழுங்கை ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் நின்ற ஒரு செடியை நீ கண்டாய். இலை நுனியைப் பிடித்து இழுத்தாய். எங்கள் கடற்கரைக் காவிளாய் இலைபோலவே அம்பு முனையாய்ப் பிய்ந்தது.

"இது காவிளாயடி," என்றாய்.

"போ அக்கா. எங்கடை காவிளாய் நிலத்திலையெல்லோ கிடக்கும்."

"அது காத்துக்கும் உப்புக்கும் எண்டே கிடக்கிற வம்சம். இது வேறை வம்சம்."

"வம்சமும் இல்லை, ஒண்டும் இல்லை. அங்கை காத்து அமத்துது. இஞ்சை கொண்டுவந்து போட்டால் அதுவும் எழும்பி நிக்கும்."

"நிக்காது."

"நிக்கும்."

"சரி, போட்டுப் பாப்பம். தோத்தால் ஒரு மாதம் என்ரை சட்டையையும் சேர்த்துப் பனங்காய் போட்டுத் தோய்க்கோணும்." அப்போது ஊரில் சவுக்காரம் இல்லை, சோப்புக்குப் பதில் பனங்காய்தான் என்பதால் அது பெரிய பந்தயம்தான்.

வீட்டுக்காரச் செல்லத்துரை மாமா தன் வெங்காயத் தோட்டத்து வேலியோரம் ஒரு துண்டு நிலம் தந்தார். நாங்கள் பாத்தி கட்டுவதைப் பார்த்து நின்றுவிட்டு, "வயலுக்குப் பசளையாப் போடுற காவிளாயைப் பாத்தி கட்டி வளர்க்கிற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன். பிறகு நெருஞ்சிக்கும் தண்ணி இறைப்பியளோ பிள்ளையள்?" என்றார். நீ கொஞ்சமும் வெட்கப்படாமல், "தேவையெண்டால் இறைப்பம் மாமா," என்றாய். எனக்கு அந்தத் துணிச்சலிலும் பொறாமைதான்.

ஐப்பசி மழைக்கு ஒரு பாத்தியில் கடற்கரை விதை நாற்பதும் மற்றதில் ஒழுங்கை விதை நாற்பதும் போட்டாய். ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர். அப்படியிருந்தும் செடிகள் வேறுபட்டால் அந்த வேறுபாடு விதைக்குள் இருந்துதான் வரவேண்டும். அன்று மாலையே, ஒரு முளைகூட வராத நேரத்தில், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மையால் எழுதினாய்: "முடிவு: கடற்கரை விதையில் வரும் செடிகள் எல்லாம் எங்கே போட்டாலும் படரும்." இவ்வளவு நிச்சயம் ஒருத்திக்கு எங்கிருந்து வருகிறது?

மார்கழியில் உனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மருந்து தேடி அப்பா சைக்கிளில் போன இடங்களை இங்கே எழுத மாட்டேன். இதை அம்மாவும் வாசிப்பார்.

அதன் பிறகு பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றியது நான். அக்காமேல் எவ்வளவு அன்பு என்று ஒழுங்கையால் போனவர்கள் சொன்னார்கள். நான் கடற்கரைப் பாத்திக்கு மட்டும் ஒரு வாளி கூடுதலாக ஊற்றினேன். நன்றாகக் குடித்தால் எழும்பி நிற்கும், நான் வெல்வேன் என்ற ஆசை. பரிசோதனையில் அது களவு. பின்னர் அதையும் உன் கொப்பியில் எழுதி வைத்தேன்.

களவு பலிக்கவில்லை. கடற்கரை விதையில் முளைத்த முப்பத்தாறில் முப்பத்துமூன்று நிலத்தோடு நிலமாகப் படர்ந்தன. ஒழுங்கை விதையில் வந்தவை எல்லாமே நிமிர்ந்து நின்றன. சுடலைக்குப் போன பிறகும் நீ வென்றாய். நான் பந்தயத்தை மறக்கவில்லை அக்கா. தை மாதம் முழுக்க உன் சட்டைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். போட ஆளில்லாத சட்டைகள் சீக்கிரம் வெளுக்கின்றன.

மிச்சம் மூன்று செடிகள்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அவை உன் கடற்கரைப் பாத்திக்குள்ளேயே நிமிர்ந்து நின்றன.

பங்குனியில் பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சி. உன் பரிசோதனையை உன் படத்தோடு வைக்க வேண்டும் என்று ரீச்சர் முடிவு செய்து, பாத்தியைப் பார்க்க வந்தார். படர்ந்தவற்றைப் பார்த்துக் கண் கலங்கினார். மூன்றையும் கண்டதும், "இது ஒழுங்கை விதை, சுகிர்தா. கை தவறி இதுக்கை விழுந்திருக்கும். நீர் புடுங்கிவிடும்," என்றார்.

அவர் போன பிறகு இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒழுங்கைச் செடியின் இலை மெல்லியது, வழுவழுப்பானது. கடற்கரை இலை தடிப்பு. அடிப்பக்கம் பூனைக்குட்டியின் காதுபோல் நரை மயிர். அந்த மூன்றின் இலைகளும் தடிப்பாகவே இருந்தன, நரைமயிரோடு. நிற்பது வேறு மாதிரி என்றாலும் அவை உன் பேணியில் வந்த பிள்ளைகள்தான். என் மனதில் முதலில் வந்த சொல் எது தெரியுமா? "அக்கா பிழை." எவ்வளவு சந்தோஷமாக வந்தது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது.

"அதுகளைப் புடுங்கு," என்றார்.

"அதுவும் அக்கா போட்ட விதைதான் அம்மா."

"புடுங்கெண்டுறன். பிள்ளை தன்ரை கையாலை எழுதி வைச்சிட்டுப் போயிருக்கு. செத்தவளோடையும் உனக்குப் போட்டியோ?"

 பொய் சொல்லாமல் என்ன பதில் சொல்லியிருக்கலாம்?

மறுநாள் காலை பிடுங்கத்தான் போனேன். உண்மைக்காக வைத்திருக்கிறேனா, பொறாமைக்காக வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாதபோது அவற்றை வைத்திருக்க எனக்கு என்ன உரிமை? முதல் செடியின் அடியைப் பிடித்தேன். காவிளாய் வேர் உனக்குத் தெரியும், சும்மா வராது. நன்றாகப் பிடிக்கச் சுற்றியிருந்த புல்லை விலக்கினேன். அப்போதுதான் பாத்தியை முழுதாகப் பார்த்தேன்.

நீ போன பிறகு யாரும் புல் பிடுங்கவில்லை. புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. அதன் அடியில் உன் முப்பத்துமூன்றும் வெயில் காணாமல் மஞ்சளித்துக் கிடந்தன. பூத்தவை சில, காய்த்தவை அதிலும் சில. இந்த மூன்று மட்டும் புல்லுக்கு மேலே தலையை எடுத்து ஊதாப் பூவும் நெற்றுமாக நின்றன. குந்தியிருந்து எண்ணினேன். முப்பத்துமூன்றும் சேர்ந்து விட்ட நெற்றைவிட இந்த மூன்றும் விட்டவை கூடுதல்.

கடற்கரையில் நிமிர்பவை உப்புக்காற்றில் கருகிப்போகும், படர்பவை தப்பும். ஆனால் தேனீ வடிவம் பார்த்துப் பூவுக்குப் போவதில்லை; ஊருக்குள் நிமிர்ந்து நின்ற ஒன்றின் மகரந்தத்தைப் படர்ந்ததன் பூவுக்கும் கொண்டுவந்திருக்கும். நிமிரும் இயல்பு படர்கிற செடிகளுக்குள்ளும் ஒளிந்திருந்து, எத்தனையோ தலைமுறையாக ஒரு வேலையும் இல்லாமல் வந்திருக்க வேண்டும். மண்ணும் காற்றும் மாறிய இடத்தில் அதற்கு வேலை வந்தது. எல்லா விதையும் ஒரே மாதிரிக் கெட்டிக்காரியாக இருந்திருந்தால் புத்தூர்ப் புல்லுக்குள் அந்தக் குடும்பம் ஏறக்குறைய முடிந்திருக்கும். இதைத்தான் புத்தகத்தில் மாறல் என்றும் இசைவாக்கம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

அங்கே உதவாத பிள்ளை இங்கே குடும்பத்தைத் தூக்கியது என்று எழுதும்போது நான் யாரை நினைக்கிறேன் என்று நீ கண்டுபிடித்துச் சிரிப்பாய். சிரி.

நான் பிடுங்கவில்லை. கண்காட்சியன்று மூன்றில் ஒன்றை மண்ணோடு கிளப்பிப் பனையோலைக் கடகத்தில் வைத்துக் கொண்டுபோய், உன் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆட்கள் நின்றதால் ரீச்சர் என்னைத் தடுக்கவில்லை. உன் முடிவைச் சத்தமாக வாசித்தேன். பிறகு இலையைத் திருப்பிக் காட்டி, நான் கண்டதைச் சொன்னேன். கூடுதலாக ஊற்றிய வாளியையும் சொன்னேன். 

கூட்டத்துக்குள் இருந்து அம்மா கேட்டார். "அப்ப அவள் எழுதினது பிழை எண்டோ சொல்லுறாய்?"

"ஓம் அம்மா. கனக்கச் சரி. கொஞ்சம் பிழை."

அம்மா கிட்ட வந்தார். அந்த இலையின் அடியை விரலால் தடவினார். கனநேரம் தடவினார்.

"அவள் இருந்திருந்தால் உன்ரை கடகத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பாள்," என்றார்.

"ஓம். என்ரை தலையிலைதான் எறிஞ்சிருப்பாள்."

"எறிஞ்சுபோட்டு, ஆரும் பாக்காத நேரம் தானே போய்ப் பொறுக்கி நட்டும் இருப்பாள்."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார் அக்கா. நீ போன பிறகு முதல் தடவை. உன் கோபத்தை நினைத்துத்தான் சிரித்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமாக நான் விரும்பியது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு தடவை நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். நீ காணாத ஒன்றை நான் கண்டு, அதை உனக்குக் காட்டி, உன் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கண்டுவிட்டேன். காட்ட நீ இல்லை. ஊரெல்லாம் பார்த்து என்ன?

அந்த மூன்றின் நெற்றுகளைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற ஐப்பசியில் அவற்றைத் தனிப் பாத்தியில் போடுவேன். எல்லாப் பாத்திக்கும் அளந்த தண்ணீர், களவு இல்லை. அவற்றின் பிள்ளைகள் நிமிர்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் முடிவை எழுதுவேன். ஒருவேளை எல்லாமே படுத்துக்கொண்டு, நான் சொன்னது முழுக்கப் பிழை என்று காட்டினால், அதை அம்மாவுக்கும் ரீச்சருக்கும் சொல்லுமுன் உனக்குத்தான் சொல்வேன். இது சத்தியம். நீ ஆசை தீர என்னைப் பழிக்கலாம்.

உன்னிலும் ஒன்றரை வயது இளைய, உன்மேல் பொறாமை இன்னும் தீராத தங்கச்சி,
சுகிர்தா