தென்னந்தோப்பில் ஒதுங்கும் சாலை

1938, மாசி, வியாழன் இரவு.

புதுச் சாலைத் திறப்பு விழாவுக்கு அதன் வரலாற்றை எழுதித் தரும்படி அரண்மனை எழுத்தரான என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக இன்று போய்ப் பார்த்தேன். அரண்மனையிலிருந்து குளக்கரை வரை நூல் பிடித்ததுபோல் வரும் சாலை, மிராசுதாரின் தென்னந்தோப்பைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி, கூலிக்காரி முத்தாயியின் குடிசை மேல் ஏறுகிறது.

"காய்க்கிற மரத்த வெட்டுனா குடும்பத்துக்கு ஆகாதுல்ல?" என்றார் சாலை வேலையை மேற்பார்க்கும் ஓவர்சியர்.

"குடியிருக்கிற வீட்ட இடிச்சா மட்டும் ஆகுமாங்க? பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?" என்றாள் முத்தாயி.

"அது ஒன் குடும்பத்துக்குத்தானே."

அவர் சிரிக்கக்கூட இல்லை.

விடிந்ததும் கூரையைப் பிரிக்கிறார்கள். வளைவுக்குக் காரணம் மண் சரியில்லாதது என்று எழுதவேண்டுமாம். மிராசுதாரின் தேங்காய் என்று எழுதிவிட்டேன். சாலை திறக்கும்வரை என் உத்தியோகம் இருந்தால் அதிசயம்தான்.