பித்தளை அரைஞாண்

மார்த்தாண்டம்,
6-7-1953

கர்த்தருக்குள் என் உயிரான அத்தானுக்குப் பூங்கனி எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆடும் கோழிகளும் சுகம். நீங்கள் பம்பாயில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒரு வேளை தவறாமல் ஜெபிக்கிறேன்.

நீங்கள் வரைந்து அனுப்பிய படமும் கடிதமும் வந்தன. உறை ஓரத்தில் பசை சுருங்கி, யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டினது போல இருந்தது. தபால்காரரிடம் கேட்டேன். மழையில் நனைந்தது என்றார். அன்றைக்கு மழையே இல்லை. அவர் முகத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

படத்தை நாலு தரம் பார்த்த பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. கப்பலில் கரண்டுக் கம்பிகளைக் கற்றை கற்றையாக மெழுகு நூலால் கட்டிக் கட்டி விரலெல்லாம் அறுந்துபோகிறது என்று எழுதுவீர்களே, இனி அந்தப் பாடு இல்லை. பல் வெட்டிய பட்டையைக் கற்றையைச் சுற்றி, வாலைத் தலைக்குள் நுழைத்து இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். திற்பரப்பு ஆற்றில் வைக்கிற மூங்கில் கூடையில் மீன் உள்ளே போகும், வெளியே வராது. தலைக்குள் இருக்கிற எஃகு நாக்கும் அதையேதான் செய்கிறது. இவ்வளவு மூளை உங்களுக்கு இருப்பது நம் கல்யாணத்தின் போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பட்டறையில் செய்தால் மேஸ்திரி தன் பெயரைப் போட்டுக்கொள்வான், அறையில் கூடத் தங்கியிருக்கிற குமாரதாஸையும் நம்ப முடியாது, அதனால் ஊரிலேயே செய்து அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். தலையை ஒருவரிடமும் பட்டையை இன்னொருவரிடமும் கொடுக்க வேண்டும், இரண்டையும் ஒரே ஆள் பார்க்கக் கூடாது என்றும் எழுதியிருந்தீர்கள். சொன்னபடி வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். இது என்ன என்று என் வாயிலிருந்து ஒருவருக்கும் வராது.

தலையைச் சந்தையில் பூட்டு ரிப்பேர் செய்கிற ததேயுஸிடம் கொடுத்தேன். நான் பின்னுகிற லேஸை வைக்கிற பெட்டிக்குப் பூட்டு என்றேன். பழைய கடிகாரச் சுருளை வெட்டி நாக்கு வைத்துக் கொடுத்துவிட்டார். பட்டையைத் தக்கலைக்குக் கொண்டுபோய்ச் சிவதாணு ஆசாரியிடம் கொடுத்தேன். பொன் வேலை செய்கிறவருக்குத்தான் அவ்வளவு நுணுக்கமாகப் பல் வெட்ட வரும். ஆனால் மனிதர் பெரிய விசாரணைக்காரர். பித்தளையில் இது எதற்கு என்று குடைந்தார். பிள்ளைக்கு அரைஞாண், வளர வளரத் தளர்த்திக்கொள்ளலாம், அளவு சரியானால் அப்புறம் வெள்ளியில் என்றேன். உடனே அவர், “பிள்ளைய ஒரு நாள் எடுத்திட்டு வா மக்கா, இடுப்பு அளவு பாக்கணும்லா” என்று பிடித்துக்கொண்டார். பிள்ளை இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படி என் சாமர்த்தியம்?

உறையில் பம்பாய் விலாசத்தை எப்போதும் போல அடுத்த வீட்டு விக்டோரியாதான் இங்கிலீஷில் எழுதித் தருகிறாள். பயப்படாதீர்கள், உறையை ஒட்டிய பிறகுதான் அவள் கையில் கொடுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அவனையும் இவனையும் நம்பாதீர்கள்.

உங்கள் பூங்கனி


மார்த்தாண்டம்,
17-8-1953

என் பிரியமுள்ள அத்தானுக்கு, கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் சுகம். ஆனால் மனதில் சுகமில்லை. நம்மைச் சுற்றி ஏதோ நடக்கிறது.

ஆசாரி பட்டையைக் கொடுத்துவிட்டார். பார்வைக்கு அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டு, துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவிக் கம்பிக்குப் பதிலாக வைத்துக் கட்டிப் பார்த்தேன். இழுத்தால் இறுகுகிறது. விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ததேயுஸின் நாக்கு நன்றாகத் துடிக்கிறது, குறை அதில் இல்லை. பட்டையின் பல் ஒவ்வொன்றும் வழவழவென்று இருக்கிறது. கன்னத்தில் தேய்த்தால் கூட உறுத்தவில்லை. உங்கள் படத்தில் பல் வாள் போல அல்லவா இருந்தது? அறுபது வயது ஆசாரிக்குப் பல் வெட்டத் தெரியாதா? யாரோ அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு போகவில்லை. விக்டோரியா இதுவரை ஒரு கறிவேப்பிலை தந்தவள் இல்லை. இப்போது வாரம் தவறாமல் மாங்காய் ஊறுகாய், புளி மிட்டாய், நெல்லிக்காய் என்று கொண்டு வருகிறாள். திடீரென்று இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது? உட்கார்ந்து, “ஏட்டி, எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா? எத்தர நாளு மறைச்சு வைக்க முடியும்?” என்று கேட்கிறாள். மறைக்கிறதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று முறைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே என் மடியைப் பார்த்தாள்.

அதுதான் எனக்குப் பெரிய பயம். பட்டையை நான் துணியில் சுற்றி மடியில்தான் செருகி வைத்திருக்கிறேன். அது இவளுக்கு எப்படித் தெரிந்தது? இவள் மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கம் முழுவதும் என் இடுப்பைத்தான் பார்த்தது. நான் கையை வைத்து மறைத்தேன். அதைக் கண்டு இன்னும் குசுகுசுவென்றார்கள்.

போதகரின் மனைவி ஐயரம்மா வேறு ஆராதனை முடிந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இடையில் எப்போதாவது நீங்கள் ஊருக்கு வந்தீர்களா என்று கேட்டார். படம் தபாலில் வந்ததா, ஆள் கையில் வந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வி. நான் விடுவேனா? நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது, ஒரு நாள் கூட வரவில்லை, சத்தியம் என்று அடித்துச் சொன்னேன். அவர் முகம் ஏனோ கறுத்துவிட்டது. போதகர் குடும்பத்துக்குக் கூட இதில் பங்கு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இந்த வாரம் தக்கலைக்குப் போய் ஆசாரியை நாலு கேள்வி கேட்காமல் விட மாட்டேன். நீங்களும் குமாரதாஸ் மேல் ஒரு கண் வையுங்கள். ஊருக்கும் பம்பாய்க்கும் நடுவில் தகவல் போய்வருகிறது என்பது என் எண்ணம்.

உங்கள் சொல்லைக் காக்கிற,
பூங்கனி


மார்த்தாண்டம்,
2-9-1953

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அன்பு என்று ஒரு சொல் கூட அதில் இல்லாததால் நானும் அதைச் செலவு செய்யவில்லை.

முதல் வரியில் படத்தையும் தலையையும் பட்டையையும் ரிஜிஸ்தர் தபாலில் திருப்பி அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில்தான், மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது, அதில் எழுதியிருப்பது உண்மையா, யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பித்தளை, பிறகு பெண்டாட்டி. அதை நான் பல தரம் படித்துப் பார்த்துவிட்டேன், வரிசை மாறவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் நான் தக்கலைக்குப் போயிருந்தேன். யாரிடம் கைக்கூலி வாங்கினீர் என்று ஆசாரியின் பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டேன். பாவம், அந்த மனிதர் பயந்து எழுந்து நின்றுவிட்டார். “பச்சப் பிள்ளைக்க இடுப்புல குத்தாதா மக்கா? அதான் ஒவ்வொரு பல்லா அரம் போட்டு ராவி, பஞ்சு வச்சுத் தேச்சுப் பாத்தேன்” என்றார். கூலிக்கு மேல் இரண்டு நாள் அதற்காகவே உட்கார்ந்தாராம். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, மார்த்தாண்டத்தில் விக்டோரியா தனக்குத் தெரிந்தவள், என் நல்ல செய்தியை அவளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டதாகச் சொன்னார். எல்லாரும் என் மடியை ஏன் பார்த்தார்கள் என்று அங்கே வைத்துத்தான் எனக்கு விளங்கிற்று.

உங்களுக்கு விளங்குகிறதா? உங்கள் பட்டையை மறைக்க நான் சொன்ன பிள்ளை அது. பட்டை கெட்டதும் அந்தப் பிள்ளையால்தான், என் பெயர் கெட்டதும் அந்தப் பிள்ளையால்தான். வேறு பிள்ளை இந்த வீட்டில் இல்லை. ஏழு வருஷமாக இல்லாதது நீங்கள் பம்பாய்க்குப் போன பிறகா வரப்போகிறது?

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாமே, ஏன் அதைச் சொன்னாய் என்று கேட்பீர்கள். வாயில் வந்தது. சொன்ன போது இனித்தது. ஆசாரி சிரித்த போது எனக்கும் சிரிப்பு வந்தது. தக்கலையிலிருந்து பஸ்ஸில் வீடு வருகிற வரை எனக்கு ஒரு பிள்ளை இருந்தது. இதை உங்களைத் தவிர நான் யாரிடம் சொல்ல முடியும்?

மொட்டைக் கடிதம் யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் உங்கள் பம்பாய் விலாசம் தெரிந்த கை ஒன்றுதான். அந்தக் கைதான் எனக்கு நெல்லிக்காயும் தந்தது. இந்த உறையின் மேல் எழுத்து வேறாக இருப்பதைப் பாருங்கள். தபாலாபீஸ் குமாஸ்தாவைக் கேட்டு எழுதி வாங்கினேன். குமாரதாஸை விட்டுவிடுங்கள், அவன் ஒன்றும் செய்யவில்லை.

போதகர் ஐயா வீட்டுக்கே வந்தார். பிள்ளை இல்லை என்றேன். அப்படியானால் ஆசாரியிடம் ஏன் அப்படிச் சொன்னாய், உண்மையைச் சொல்லும் வரை திருவிருந்துக்கு வர வேண்டாம் என்றார். வழவழப்பான அந்தப் பழைய பட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டு, ஐயா, இது கம்பி கட்டுவதற்கு என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த சாமான், நான் சொன்ன பிள்ளை இதுதான் என்று சொல்லியிருந்தால் அவ்வளவோடு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்களுக்காகச் செய்த சத்தியத்தை நினைத்து விழுங்கினேன். போன ஞாயிறு எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து முன்னால் போன போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அங்கே ஒரு மொட்டைக் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இனி வேலை விஷயம். தக்கலைக்குப் போன அன்றே ஆசாரியிடம் பிள்ளை இல்லை என்று சொன்னேன். என்ன, ஏது என்று கேட்காமல், நல்ல கூர்மையாக, மேல் பக்கத்தில் மட்டும் கடிக்கிற மாதிரி வேறு பட்டை வெட்டிக் கொடுத்தார். இரண்டையும் ஒரே ஆள் பார்க்கக் கூடாது என்றீர்களே, அதனால் பட்டறைக்குப் பின்னால் போய்ச் சோதித்தேன். கட்டிப் பார்க்க அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. பல் வெளியே இருக்கும்படி என் இடது மணிக்கட்டில் சுற்றித் தலைக்குள் விட்டு இழுத்தேன். டக் என்று ஒரு சத்தம். பிறகு எவ்வளவு இழுத்தும் வரவில்லை. உங்கள் யுக்தி ஜெயித்துவிட்டது, அத்தான். எனக்கு ஒரே நேரத்தில் பெருமையாகவும் அழுகையாகவும் இருந்தது.

முந்தானையால் கையை மூடிக்கொண்டுதான் முன்னால் வந்தேன். ஆசாரி அதன் ஓரத்தைக் கண்டுவிட்டுத் தகடு நறுக்குகிற கத்தரியை எடுத்தார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். குளித்தாலும், அரிசி இடித்தாலும், லேஸ் பின்னினாலும் அசையவில்லை. ஓரம் சிராய்க்கிறது, அடியில் துணி வைத்திருக்கிறேன். அது என்ன கையில் என்று கோயிலில் கேட்கிறார்கள். நான் சொல்லவில்லை. பூட்டத் தெரிந்த உங்களுக்கு அவிழ்க்க ஒரு வழி வைக்கத் தோன்றவில்லை. அது உங்கள் குணம், படத்திலும் வந்துவிட்டது.

ஆகையால் ரிஜிஸ்தர் தபாலில் எதுவும் வராது. லீவு கேளுங்கள், தராவிட்டால் வேலையை விட்டு வாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் போது சபை முழுக்கப் பார்க்க என் பக்கத்தில் நின்று, இது என்ன என்று உங்கள் வாயால் சொல்லி, உங்கள் கையால் நறுக்குங்கள். அதற்குப் பிறகு அதைக் கப்பலுக்குக் கொண்டுபோங்கள், பெயர் வாங்குங்கள், எனக்குச் சந்தோஷம். அதுவரை உங்கள் ரகசியம் என் கையிலேயே இருக்கும்.

உங்கள் விரல்கள் அறுபடாமல் கர்த்தர் காப்பாராக. என்னைப் பற்றி உங்கள் மனதில் விழுந்ததையும் அவரே எடுத்துப்போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
பூங்கனி

வரும்போது கத்தரி கொண்டு வாருங்கள். இந்த ஊரில் யாரிடமும் நான் இரவல் கேட்க மாட்டேன்.