கரிங்கல்லனை நீ எடுத்திருந்தால்

எனக்காகப் பக்கம் புரட்டிய என் அக்காவுக்கு,

கரிங்கல்லன் படமாக வந்துவிட்டான். நெய்யாற்றின்கரையில் மேட்னி ஷோ பார்த்தேன். உன் மகள் ஷெரின்தான் டிக்கெட் எடுத்து இழுத்துக்கொண்டு போனாள். “அம்மைக்க ஆளாக்கும் மாமா, நம்ம போகாம பின்ன யாரு போவா?” என்றாள். படம் முழுக்க நீ பக்கத்து சீட்டில் இருந்து முணுமுணுப்பது போலவே எனக்கு இருந்தது. அந்த ஹீரோ ஒவ்வொரு வசனத்துக்கு முன்பும் இழுத்து இழுத்து மூச்சு விட்டதைப் பார்த்தால், “எலே, இவனுக்கு ஆஸ்துமா உண்டா?” என்று நிச்சயம் கேட்டிருப்பாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது மலையாள வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த படக்கதை அது. கல்லுடைக்கும் பாறைமடையில் வெடி வெடித்து, வேலைக்குப் போன ஒருவனின் உடம்பு முழுவதும் கருங்கல்லாகிவிடுகிறது. கூட நின்ற தம்பிக்குக் கண்ணில் தீ ஏறிவிடுகிறது. அண்ணன் ஊரைக் காப்பாற்றுகிறான், தம்பி ஊரை எரிக்கிறான். புத்தகத்தில் தம்பியின் பெயர் தீமிழியன். நீ அவனைத் தீக்கண்ணன் ஆக்கினாய்.

நீதான் ஆக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் எனக்கு மலையாள எழுத்து தெரியாது. அப்பா அண்ணனையும் உன்னையும் மலையாளப் பள்ளியிலும் என்னைத் தமிழ்ப் பள்ளியிலும் சேர்த்தார். “எல்லாரையும் ஒரே வள்ளத்துல ஏத்தப்பிடாது. எந்த சர்க்கார் வேலை குடுத்தாலும் நமக்கு அங்க ஒரு ஆளு உண்டு” என்பது அவர் கணக்கு. இரண்டு மாநில எல்லையில் இருக்கும் பாறசாலைப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். மலையாளம் பேசுவேன், சண்டையும் போடுவேன், ஆனால் பஸ் போர்டை வாசிக்கத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு, தப்பான பஸ்ஸில் ஏறி ஏறித்தான் அந்த எழுத்துகளைப் படித்தேன்.

அதுவரை எனக்கு வாசித்தது நீ. வாசித்தாய் என்றால், மலையாளத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாய். உன் விரல் கட்டம் கட்டமாக நகரும். நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

படத்தின் கடைசியில் கரிங்கல்லன் தீமிழியனைக் கடலுக்கு இழுத்துப்போய், தண்ணீருக்குள் அமுக்கிக் கொன்றுவிடுகிறான். தியேட்டர் எழுந்து நின்று கைதட்டியது. விசில் வேறு. எனக்குக் கை எழும்பவில்லை.

வெளியே வந்ததும் ஷெரினிடம் கத்தினேன். “கதையையே கெடுத்துப் போட்டான். அண்ணன் தம்பியக் கொல்லவே மாட்டான். கண்ணைப் பொத்திப் பிடிச்சுக்கிட்டு இருப்பான். தீ அணையிறது வரைக்கும் கையை எடுக்க மாட்டான், கை வெடிச்சாலும் எடுக்க மாட்டான். அதாக்கும் கதை!”

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். படம் வருகிறதென்று பழைய கதையை மொத்தமாகத் திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எழுத்துக்கூட்டி வாசித்தேன். கடல். அமுக்கும் கை. நீர்க்குமிழிகள். சுபம்.

படம் எடுத்தவன் பாவம், உள்ளதை உள்ளபடி எடுத்திருக்கிறான். கெடுத்தது நீ!

அக்கா, ஏன் என்னிடம் சொல்லவில்லை? நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதன் இல்லாத கதையை மனதில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். மஸ்கட்டில் கூட வேலை செய்த பாலக்காட்டுக்காரனோடு இந்த முடிவுக்காக நான் ஒரு தடவை சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறேன். அவன் சொன்னதுதான் சரி.

பிறகு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் உன்னைத் தேடினேன். கரிங்கல்லன் உட்கார்ந்ததும் பெஞ்சு ஒடிய, “எலே, வெளியே போய் இருந்து தின்னு” என்று அவன் அம்மை ஏசுவாளே, அது புத்தகத்தில் இல்லை. தரை விரிசல் விடும் என்று அவன் தன் வீட்டுக்குள்ளேயே நுழையாமல் பலாமரத்தடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவானே, அதுவும் இல்லை. எல்லாம் உன் வேலை.

முப்பது வருடம் தபால் ஆபீசில் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நீ. உன் கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, இந்தப் படத்தை நீயே எடு என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? இந்த ஒரு வாரமாக எனக்கு இதே யோசனைதான்.

முதல் காட்சியில் இவர்கள் ஏழெட்டு லாரிகளை ஆகாயத்தில் பறக்கவிட்டிருக்கிறார்கள். நீ பறக்கவிட மாட்டாய். அந்த பெஞ்சு ஒடிவதில்தான் ஆரம்பிப்பாய். தியேட்டர் சிரிக்கும். சிரித்து முடிப்பதற்குள் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக வெளியே போவதைக் காட்டிவிடுவாய். பின்னணி இசைக்காரரையும் பாதி நாள் வீட்டுக்கு அனுப்பியிருப்பாய். இந்தப் படத்தில் ஒரு நிமிடம் சும்மா இருந்த இடம் கிடையாது.

பேச்சையும் மாற்றியிருப்பாய். படத்தில் தீமிழியன் டிவியில் செய்தி வாசிப்பது போல மலையாளம் பேசுகிறான். கோபம் வந்தால் இங்கிலீஷ். உன் தீக்கண்ணன் நம்மைப் போல அல்லவா பேசுவான்! கோபம் வந்தால் தமிழ், ஆபீசரைக் கண்டால் மலையாளம். அமரவிளை செக்போஸ்ட்டில் அவன் வண்டியை நிறுத்தி, “கண்ணாடியைக் கழற்று” என்று போலீஸ் சொல்ல, “சாரே, வேண்டா சாரே, கழற்றினா உங்களுக்காக்கும் கேடு” என்று அவன் கெஞ்சுகிற இடத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். புத்தகத்தில் செக்போஸ்ட்டே இல்லை.

அவன் ஏன் கெட்டவனானான் என்பதற்குப் படத்தில் ஏதோ ரசாயனத்தைக் காரணம் சொல்கிறார்கள். நீ சொன்ன காரணம் வேறு. அவன் பார்த்தால் சுடும் என்று ஊரில் ஒருவரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பெற்ற அம்மைகூடச் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “ஆளு முகத்துக்கு முகம் பாக்காட்டா எவனுக்கும் தீப்பிடிக்கும் மக்கா” என்றாய். உனக்கு அப்போது பதிமூன்று வயதிருக்குமா? இதையெல்லாம் எங்கே படித்தாய்?

முகத்துக்கு முகம் பார்க்காதது பற்றி எழுதிவிட்டேன். இனி அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

நானும் அண்ணனும் பேசி மூன்று வருடமாகிறது. உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து பேசவில்லை. உனக்கு இரண்டாவது ஆபரேஷன் வேண்டும் என்று நான் மஸ்கட்டிலிருந்து தினமும் போனில் கத்தினேன். அண்ணன் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து உன் அமரவிளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். பத்தொன்பது நாள் இருந்தாய். நான் வந்து சேர்ந்தபோது நீ பெட்டிக்குள் இருந்தாய். கல்லறைத் தோட்டத்தில், பாஸ்டர் பைபிளை மூடுவதற்குள், சபை முழுவதும் நிற்க, நான் அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்: “நீயாக்கும் அவளைக் கொன்னது.”

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். எதைச் சொல்வதற்கு முன்பும் அவன் அப்படித்தான்; ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வருடம் ஷெரின் சொன்னாள், “அம்மைதான் வீட்டுக்குப் போணும்னு சொன்னது மாமா. பெரிய மாமா காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினாங்க, இன்னொருக்க செய்து பாப்போம்னு. அம்மை சம்மதிக்கல்ல. ஆஸ்பத்திரி பேப்பர்ல ஒப்புப் போட்டதும் அம்மையாக்கும்.” அக்கா, இது தெரிந்தும் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். மஸ்கட்டை விட்டு ஊரோடு வந்த பிறகும், ஆரியங்கோட்டில் அண்ணன் வீட்டு வளைவு வரை பைக்கில் போய்த் திரும்பியிருக்கிறேன். தப்பு செய்தவனுக்குத்தான் வீம்பு அதிகம்.

சரி, படத்துக்கே வருகிறேன். உன் கரிங்கல்லனாக யாரை நடிக்க வைப்பாய்? இந்தப் படத்து ஹீரோ போல ஜிம்மில் ஊதிய உடம்பு உனக்கு ஆகாது. உன் கரிங்கல்லன் அதிகம் பேச மாட்டான். தோளை ஒரு பக்கம் சாய்த்து நடப்பான். எதைச் சொல்வதற்கு முன்பும் ஒரு தடவை தொண்டையைக்

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அது வியாழக்கிழமை. இன்று ஞாயிறு. நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆரியங்கோட்டுக்குப் போனேன். வளைவில் திரும்பவில்லை. மழை தொடங்குவதற்கு முன் ரப்பர் மரங்களில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் ஒட்டுவார்களே, பாலில் தண்ணீர் விழாமல் இருக்க, அண்ணன் அந்த வேலையில் நின்றான். கையெல்லாம் கறுப்புப் பசை. தலை முழுக்க நரைத்திருந்தது. மூன்று வருடத்தில் ஒரு ஆள் இப்படி நரைப்பானா?

“அண்ணே” என்றேன்.

திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, “அந்த அற்றத்தப் பிடி” என்று ஷீட்டின் மறுமுனையை நீட்டினான். பிடித்தேன். நாலைந்து மரம் ஒட்டினோம்.

பேச்சை நான்தான் தொடங்கினேன். “கரிங்கல்லன் படம் பாத்தேன். கடைசியில தம்பியக் கொன்னுபோடுதான். புஸ்தகத்திலயும் அப்படித்தான் இருக்கு. அக்கா எனக்கு வேற மாதிரியாக்கும் வாசிச்சுத் தந்தா. அவ அதை மாத்தியிருக்கா அண்ணே.”

அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

“அந்தக் கடைசிய அவ மாத்தல்ல. நான் மாத்தச் சொன்னது.”

அவன் பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “புஸ்தகம் வந்த அன்னைக்கு நான் முதல்ல வாசிச்சேன். நீ எங்க, எங்கன்னு துள்ளிச் சாடிக்கிட்டு நிக்க. நான் அவளத் தனியா விளிச்சு, பிள்ளே, இத இப்படியே அவனுக்கு வாசிக்காத, அண்ணன்னா கொல்லுவான்னு நினைச்சிருவான், பின்ன எனக்க பக்கத்துல படுக்க மாட்டான்னு சொன்னேன். பின்ன என்ன சொல்லன்னு கேட்டா. கண்ணப் பொத்திப் பிடிச்சான்னு சொல்லு, கை வெடிச்சும் விடல்லன்னு சொல்லுன்னேன். எனக்கு இப்பவும் ஓர்மை உண்டு.”

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். “மன்னிச்சிரு அண்ணே. தெரியாம சொல்லிப்போட்டேன். தெரிஞ்ச பிறகும் வரல்ல. மன்னிச்சிரு” என்று அழுதேன்.

அவன் என்னைத் திட்டவில்லை, அணைக்கவும் இல்லை. “வா, கட்டஞ்சாயா குடி” என்றான். குடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் சொன்னான்: “அன்னைக்கு நீ சொன்னப்போ சபை முழுக்கக் கேட்டுது மக்கா. இன்னைக்கு ரப்பர் மரம் மட்டும்தான் கேட்டுது.”

வழி முழுக்க அந்த வார்த்தைதான். அவன் சொன்னது நியாயம் அக்கா. மூன்று வருடமாக அவன் சபைக் கோயிலுக்குப் போய் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும், பக்கத்தில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று யோசித்துக்கொண்டுதானே இருந்திருப்பான்? நான் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டேன். அந்த வாக்கியத்தோடு குடியிருந்தது அவன்.

அதனால் உனக்கு மட்டும் எழுதிக் கல்லறையில் வைத்துவிட்டு வரலாம் என்று தொடங்கிய இந்தக் கடிதத்தை, மற்றவர்களுக்கு விளங்க மேலே நாலு வரி சேர்த்து, சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். என் வீம்பையும் சேர்த்தே கொடுக்கிறேன். பாஸ்டரிடமும் பேசிவிட்டேன். அடுத்த மாதம் உன் நினைவு நாள் ஜெபத்தில், அன்றைக்கு நான் நின்ற அதே இடத்தில் நின்று, எல்லோரும் கேட்க இதைச் சத்தமாக வாசிப்பேன். அண்ணனிடம் தேதியைச் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் வந்தாலும் வராவிட்டாலும் வாசிப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

வாசிக்கும்போது எங்கே குரல் உடைந்தாலும் இந்த ஒரு வரியில் உடையக் கூடாது என்று தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: என் அக்காவை என் அண்ணன் கொன்றான் என்று நான் சொன்னது பொய்.

உனக்கும் அண்ணனுக்கும் தம்பி,
ஜெயசிங்