விற்பனைக்கு அல்ல

அன்புள்ள ஜோஸ்வினுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் உன் தங்கை ஃபெபாவும் சுகம், அப்பாவின் பிரஷர் மட்டும் சுகமில்லை, அதில் உனக்கும் பங்கு உண்டு. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா? போன் செய்தால் மீட்டிங் என்கிறாய், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், கடைசி வரி வரை படி.

பொங்கலுக்கு வந்தபோது நம் ரப்பர் வாஷர் பட்டறைக்கு உன் கணக்கில் ஓர் இணையப் பெயர் வாங்கினாயே, அதில் ஆரம்பித்தது. ஃபெபா இலவசமாகச் செய்த வெப்சைட்டின் முகவரியில் அதைத் தருகிற கம்பெனியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது, என் வாசல்ல அடுத்தவன் பேரா என்று அப்பாவுக்கு ஆத்திரம். சொந்தப் பெயர் வந்ததும் பெயின்டரைக் கூப்பிட்டுக் குட்டி யானை வண்டியின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுத வைத்தார். பெயர் மட்டும் போதாதுப்பா, கட்டணத் திட்டத்துக்கு மாறி சைட்டோடு இணைத்தால்தான் திறக்கும் என்று ஃபெபா சொன்னாள். பேரும் என்னுது, சைட்டும் என்னுது, நடுவுல இன்னொருத்தன் எதுக்கு என்று வாயை அடைத்துவிட்டார்.

வண்டி பாகலூர், ராயக்கோட்டை எல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் அந்தப் பெயரைப் போனில் அடித்தால், இந்தப் பெயர் விற்பனைக்கு இருக்கலாம் என்று ஒரு வெற்றுப் பக்கம் வருகிறது. அவ்வளவுதான், அற்புதராஜ் பட்டறையை விற்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புரோக்கர் கூப்பிட்டு ஷெட் எத்தனை சதுரடி என்று கன்னடத்தில் விசாரித்தார். பங்குச் சாமியார் நமக்காகத் தனியாக ஜெபிப்பதாகச் சொன்னார். அப்பா என்ன செய்தார் தெரியுமா, வண்டியில் அந்தப் பெயருக்குக் கீழேயே சிவப்பில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுத வைத்தார். அதுவரை சந்தேகப்படாதவர்களும் இப்போது நிறுத்தி, எதை விற்கவில்லை என்று கேட்கிறார்கள்.

சிரிக்காதே. மிஷினில் அச்சு மாற்றுகிற திருமலை வந்து, ஏண்ணே, மிசினோட எங்களையும் சேத்து விக்கிறீங்களா, இல்ல மிசின மட்டுமா என்று கேட்டான். அப்பா விளக்கம் சொல்லாமல், போய் வேலையப் பாருடா என்றார். அவன் வேறொரு கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். அவனில்லாமல் பட்டறை ஓடாது என்பது அப்பாவுக்கும் தெரியும், அதைச் சொல்லத்தான் வாய் வராது. நான் போய்ப் பேசினேன். திங்கக்கிழம காலைல அந்தப் பேர அடிச்சுப் பாக்குறேங்க்கா, நம்ம வாஷரு தெரிஞ்சா இருக்குறேன், இல்லன்னா அங்க போய்ச் சேந்துக்குறேன் என்றான்.

நேற்று நானே பணம் கட்டி வெப்சைட் திட்டத்தை மாற்றிவிட்டேன். பெயரையும் சைட்டையும் இணைக்க அந்த வெப்சைட் கம்பெனி தந்த இரண்டு வரிகளை, நீ பெயர் வாங்கிய இடத்தில் சேர்க்க வேண்டுமாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு உன்னிடம்தான் இருக்கிறது. சேர்த்த பிறகும் பலிக்க ஓரிரு நாள் ஆகலாமாம், இன்று வெள்ளி. ஃபெபா அந்த வரிகளை உனக்கு அனுப்பியிருக்கிறாள், மீட்டிங்கில் இருந்தாலும் முதலில் அதைச் செய்.

வெறும் ரொட்டியோடு வயிற்றை ஏமாற்றாதே. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு, உன் மீட்டிங் முடியக் காத்திருக்கும்
அம்மா சூசைமேரி

பி.கு.: சைட் திறந்ததும் வண்டியில் அந்தச் சிவப்பு எழுத்தை அழித்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். இருக்கட்டும், எங்களையும் விக்கிறீங்களான்னு கேட்டான்ல திருமலை, தெனமும் அந்த வண்டியிலதான ஏறி வர்றான் என்றார்.